மலைச் செய்தியும் சுற்றுலா விளம்பரமும் ஒரே பக்கத்தில் வரலாமா?

கேள்வி: ஆலங்காயம் வாசகர்

மன்றத்தாருக்கு வணக்கம்.

நண்பர்கள் சிலர் சேர்ந்து, ஜவ்வாது மலையிலும் ஏலகிரியிலும் உள்ள ஊர்களின் செய்திகளுக்காக ஒரு முகநூல் பக்கத்தையும், அதையொட்டி ஒரு வாட்ஸ்அப் குழுவையும் ஆலங்காயத்திலிருந்து நடத்தி வருகிறோம். பேருந்து நேர மாற்றம், மழையில் மரம் விழுந்து அடைபட்ட பாதை, கரடி நடமாட்டம், ரேஷன் கடை திறக்கும் நாள், புளி விலை, கிராம சபைக் கூட்டம் ஆகியவையே பெரும்பாலும் எங்கள் செய்திகள்.

இப்படி ஒரு பக்கம் ஏன் தேவைப்பட்டது என்பதை வெளியூர் அன்பர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். 1989ஆம் ஆண்டு வட ஆற்காடு பிரிந்தபோது இரண்டு மாவட்டங்களுக்குப் பங்கான ஜவ்வாது மலை, 2019ஆம் ஆண்டு நவம்பரில் வேலூர் மறுபடியும் பிரிந்தபோது மூன்று மாவட்டங்களுக்குப் பங்கானது. ஜமுனாமரத்தூர் திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கிறது. காவலூர், புதூர்நாடு, நெல்லிவாசல் ஆகியவை திருப்பத்தூர் மாவட்டத்திலும், பீஞ்சமந்தை, ஜார்தான்கொல்லை ஆகியவை வேலூர் மாவட்டத்திலும் உள்ளன. நாளிதழ்களின் மாவட்டப் பக்கங்களும் அதே கோட்டில் பிரிந்துகொண்டன. ஆலங்காயம் பாதையில் பாறை உருண்டு கிடக்கும் செய்தி திருப்பத்தூர் பக்கத்தில் வரும். அந்தப் பாதையில்தான் அன்று பயணப்பட வேண்டிய ஜமுனாமரத்தூர்க்காரர் கையில் இருப்பது திருவண்ணாமலைப் பக்கம். மலை முழுவதற்கும் ஒரே இடத்தில் செய்தி கிடைக்க வேண்டும் என்பதுதான் எங்கள் நோக்கம்.

இப்போது ஒரு சிக்கல் வந்திருக்கிறது. ஏலகிரியிலும் ஜமுனாமரத்தூரிலும் ஹோம்ஸ்டே நடத்துபவர்கள் சிலர், மாதந்தோறும் ஒரு தொகை தருவதாகவும், அதற்கு ஈடாகத் தங்கள் இடங்களைப் பற்றியும் மலையின் அழகைப் பற்றியும் நாங்கள் படங்களும் காணொளிகளும் வெளியிட வேண்டும் என்றும் கேட்கிறார்கள். செய்தி சேகரிக்க வண்டிக்குப் பெட்ரோல் போடுவதே கைக்காசில் நடக்கும் நிலையில் அந்தத் தொகை எங்களுக்குப் பெரிய உதவி. ஆனால் அத்துடன் ஒரு நிபந்தனையும் இருக்கிறது: வெள்ளி முதல் ஞாயிறு வரை மண் சரிவு, காட்டுத் தீ, அருவியில் விபத்து போன்ற செய்திகளை வெளியிடாமல் இருக்க வேண்டும் அல்லது திங்கட்கிழமைக்குத் தள்ளிவைக்க வேண்டும். வருமானத்துக்கு வார இறுதியை மட்டுமே நம்பியிருப்பவர்கள் அவர்கள் என்பதும், ஒரு காணொளி பரவினால் முன்பதிவு முழுவதும் ரத்தாகிவிடுகிறது என்பதும் உண்மைதான்.

செய்தியையும் சுற்றுலா விளம்பரத்தையும் ஒரே பக்கத்தில் நடத்த முடியுமா? முடியுமென்றால் எந்த வரம்புக்குள் நடத்த வேண்டும்? அனுபவமுள்ளவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.


பதில் 1: பழைய ஏரியா நிருபர், வேலூர்

அன்புள்ள ஆலங்காயம் நண்பருக்கு,

நான் நாளிதழ் ஒன்றுக்கு வேலூர்ப் பகுதியில் ஏரியா நிருபராக நீண்ட காலம் வேலை பார்த்தவன். எங்கள் தொழிலில் செய்தி அனுப்புகிறவரே பொங்கலுக்கும் தீபாவளிக்கும் கடை கடையாக ஏறி விளம்பரமும் வாங்க வேண்டும் என்பது எழுதப்படாத சட்டம். ஆகவே உங்கள் நிலைமை எனக்குப் புதிதன்று. விளம்பரம் வாங்குவதில் தவறில்லை, தாராளமாக வாங்குங்கள். நிபந்தனையை மட்டும் எக்காரணம் கொண்டும் ஏற்காதீர்கள்.

காரணத்தை நேராகவே சொல்கிறேன். 2018ஆம் ஆண்டு மார்ச் மாதம் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றவர்கள் காட்டுத் தீயில் சிக்கி மாண்டதை நாம் எல்லோரும் அறிவோம். அதன் பிறகுதான் மலையேற்றத்துக்கான விதிமுறைகள் இறுகின. 2024ஆம் ஆண்டு அக்டோபரில் வனத்துறையின் வழிகாட்டிகளோடு, முன்பதிவு செய்து செல்லும்படியாக 40 பாதைகளை அரசு அறிவித்ததும் அந்த அனுபவத்தின் தொடர்ச்சிதான். நம் மலைகளிலும் மாசி, பங்குனி தொடங்கிவிட்டால் புல் காய்ந்து, ஒரு பீடித் துண்டு போதும் என்ற நிலை வந்துவிடும். அப்படிப்பட்ட ஒரு வெள்ளிக்கிழமையில், ஏலகிரியின் சுவாமிமலை உச்சிக்குப் போகும் பாதையின் ஓரத்தில் தீ இருப்பது உங்களுக்குத் தெரிந்தும் திங்கள் வரை நீங்கள் வாய் திறக்கவில்லை என்றால், அதற்குப் பிறகு உங்கள் பக்கத்தில் வரும் எந்தச் செய்தியை யார் நம்புவார்கள்? சனிக்கிழமை காலையில் கல்லூரிப் பிள்ளைகள் சிலர் அங்கே போய்ச் சிக்கிக்கொண்டால் ஹோம்ஸ்டே உரிமையாளர்களின் பிழைப்பும் சேர்ந்தே போகும். மலைக்குப் போகிறவருக்கு முதலில் தேவைப்படுவது பாதை திறந்திருக்கிறதா என்ற செய்திதான். அதைச் சரியாகச் சொல்கிற பக்கத்தைத்தான் அவர் கிளம்புவதற்கு முன் திறந்து பார்ப்பார். திறந்து பார்க்கிற பக்கத்தில் வரும் விளம்பரத்துக்குத்தான் மதிப்பு. உங்களிடம் காசு கொடுக்க வருகிறவர்கள் உண்மையில் வாங்க வருவது அந்த நம்பிக்கையைத்தான். அதைக் கெடுத்துவிட்டு வாங்கச் சொன்னால் வாங்குவதற்கு அங்கே ஒன்றும் மிஞ்சாது.

அடுத்தது சட்டம். காசு வாங்கிக்கொண்டு போடும் எதையும் விளம்பரம் என்று முதல் வரியிலேயே, படிக்கிறவர் கண்ணில் படும்படி குறிப்பிட வேண்டும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2022ஆம் ஆண்டு ஜூன் மாதம் வெளியிடப்பட்ட வழிகாட்டுதல்கள் பெரிய நடிகர்களுக்கு மட்டும் உரியவை என்று பலர் எண்ணுகிறார்கள். சமூக வலைதளத்தில் பரிந்துரை செய்கிற யாருக்கும் அவை பொருந்தும். இரண்டு நாள் இலவசமாகத் தங்கிவிட்டு நல்லவிதமாக எழுதினாலும், காசு கைமாறவில்லை என்ற காரணத்தால் அது செய்தி ஆகிவிடாது. தங்கிய விவரத்தைச் சொல்லியாக வேண்டும். தவறான விளம்பரத்துக்கு முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரையிலும், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரையிலும் அபராதம் விதிக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அதிகாரம் இருக்கிறது. உங்களைப் போன்ற சிறு பக்கத்தை நோக்கி அது வருமா என்பது இரண்டாவது கேள்வி. வாசகரிடம் நேர்மையாக இருப்பது முதல் கடமை.

மூன்றாவதாக, படத்தில் தேதி போடுங்கள். நம் பக்கத்து அருவிகளுக்கு வடகிழக்குப் பருவமழைதான் உயிர். ஐப்பசி, கார்த்திகையில் ஜலகாம்பாறை அருவியில் தண்ணீர் கொட்டும்போது எடுத்த காணொளியை எடுத்துவைத்துக்கொண்டு, கோடை விழாவை ஒட்டி மே மாதத்தில் வெளியிடுகிறார்கள். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் குழந்தைகளோடு வருகிறவர்கள், வெயிலில் சுட்டுக் கிடக்கும் பாறையையும் அடியில் தேங்கிய பச்சைத் தண்ணீரையும் பார்த்துவிட்டு, அந்த எரிச்சலை இணையத்தில் எழுதிவிட்டுப் போகிறார்கள். பீமன் அருவிக்கும் இதே கதிதான். ‘இப்போது தண்ணீர் இல்லை, ஆனால் காலையில் குளிர்ச்சியாக இருக்கிறது, பலாப்பழம் வந்துவிட்டது’ என்று எழுதினால் யாரும் வராமல் போய்விட மாட்டார்கள். எதற்காக வருகிறோம் என்று தெரிந்து வருவார்கள்.


பதில் 2: அத்தனாவூர் ஹோம்ஸ்டே

வேலூர் ஐயா சொன்னதில் பெரும்பகுதியை நானும் ஏற்கிறேன். செய்தியை மறைக்கச் சொல்வது சரியில்லை. ஆனால் எங்கள் பக்கத்து நியாயத்தையும் மன்றத்தார் கேட்க வேண்டும்.

பாதை அடைபட்டால் ஒரு மணி நேரத்தில் நூறு குழுக்களுக்குப் போய்ச் சேர்கிறது. நெடுஞ்சாலைத் துறையினர் ஜே.சி.பி. கொண்டுவந்து மதியத்துக்குள் மண்ணை அள்ளிப் பாதையைத் திறந்துவிட்டால் அதை எழுத ஆள் இல்லை. காலையில் போட்ட படம் மட்டும் மூன்று நாள் ஓடிக்கொண்டே இருக்கும். அடுத்த ஆண்டு மழையிலும் அதே படம் புதிய படம் போல மறுபடி வரும். கேரளத்திலோ இமாச்சலத்திலோ மலை இடிந்து விழும் காணொளியை ‘ஏலகிரியில் இன்று’ என்று போட்டு அனுப்பியதையும் பார்த்திருக்கிறேன். அறை முன்பதிவு செய்தவர் பதறிப்போய் அழைத்து முன்பணத்தைத் திருப்பிக் கேட்கும்போது, அது ஏலகிரியே இல்லை என்று தொலைபேசியில் எத்தனை பேருக்கு விளக்க முடியும்? அறை காலியானால் எனக்கு மட்டும் நட்டமில்லை. பாத்திரம் கழுவ வரும் அம்மாவுக்கு அந்த வாரம் கூலி இல்லை, படகுத்துறை வாசலில் மக்காச்சோளம் சுட்டு விற்பவருக்கும் வியாபாரம் இல்லை.

ஆகவே செய்தியை முழுமையாகப் போடுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். பொன்னேரியிலிருந்து மேலே ஏறும் 14 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் பாரி, ஓரி, அதியமான், கபிலர், கம்பர் என்று வள்ளல்களின் பெயரும் புலவர்களின் பெயரும் வைத்துப் பலகை நட்டிருக்கிறார்கள். ‘ஏலகிரியில் மண் சரிவு’ என்று பொத்தாம் பொதுவாகப் போடுவதற்குப் பதிலாக, எந்த வளைவுக்கு அருகில், எத்தனை மணிக்கு, ஒரு பக்கமாவது வண்டி போகிறதா, பேருந்து ஓடுகிறதா என்று எழுதுங்கள். பாதை திறந்ததும் பழைய பதிவின் தலைப்பிலேயே ‘பாதை திறக்கப்பட்டது’ என்று நேரத்தோடு திருத்துங்கள். கீழே கருத்துப் பகுதியில் எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள். இவ்வளவையும் நீங்கள் செய்வதாக இருந்தால் அந்த வெள்ளி–ஞாயிறு நிபந்தனையை நான் கேட்க மாட்டேன், மற்றவர்களிடமும் பேசுகிறேன்.


பதில் 3: புதூர்நாடு ஆசிரியை

தம்பிக்கு வணக்கம். மலையில் பிறந்து, மலையிலேயே பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருப்பவள் என்ற முறையில் எழுதுகிறேன். இதுவரை எழுதியவர்கள் வருகிறவரைப் பற்றியும் வரவேற்கிறவரைப் பற்றியும் பேசினார்கள். மலையில் வாழ்கிறவர்களுக்கு உங்கள் பக்கம் என்னவாக இருக்கிறது என்பதை நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

2023ஆம் ஆண்டு மே மாதம் வேலூர் மாவட்டத்து அல்லேரி மலையில் பாம்பு கடித்து ஒரு குழந்தை இறந்தது. உடற்கூறாய்வு முடித்துக் கொண்டுவந்த ஆம்புலன்ஸ் மேலே போகப் பாதை இல்லாமல் நின்றுவிட்டது; பெற்ற தாய் அந்தச் சிறு உடலைச் சுமந்துகொண்டு மலையேறினாள். அந்தச் செய்தி வெளியே வந்த பிறகுதான் அல்லேரிச் சாலையைப் பற்றி அதிகாரிகள் வேகமாகப் பேசத் தொடங்கினார்கள். வாணியம்பாடிப் பக்கத்து நெக்னாமலையிலும் நோயாளிகளை டோலி கட்டித் தூக்கிவந்த படங்கள் வெளிவந்துதான் வெளியுலகம் அந்த ஊரை அறிந்தது. இப்படிப்பட்ட செய்திகள் சுற்றுலாவுக்கு இடைஞ்சல் என்று யாராவது சொன்னால், தயவு செய்து காதில் வாங்காதீர்கள். சாலை, மருத்துவமனை, செல்போன் டவர் ஆகிய மூன்றும் மலையில் இருப்பவர்களுக்கும் வேண்டும், வருகிறவர்களுக்கும் வேண்டும். வருகிறவரைப் பாம்பு கடித்தாலும் அதே பாதையில்தான் இறங்கியாக வேண்டும்.

படம் எடுப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. அரசின் பழங்குடியினர் பட்டியலில் எங்களை, மலைவாழ் மக்கள் என்ற பொருளில், மலையாளி என்று குறிக்கிறார்கள். இன்று வரை அந்தப் பட்டியலில் எங்கள் மாவட்டம் வட ஆற்காடு என்றே இருக்கிறது. ரீல்ஸ் எடுக்க வருகிறவர்கள் எங்கள் வீட்டுத் திண்ணையில் கேட்காமல் ஏறுகிறார்கள். ஓடையில் குளிக்கும் பிள்ளைகளைப் படம் பிடிக்கிறார்கள். பாட்டியின் காதணியை அருகில் போய்ப் படமெடுத்து, ‘காட்டுவாசிகளின் வாழ்க்கை’ என்று தலைப்பு வைக்கிறார்கள். அந்தப் பாட்டியின் பேரன் திருப்பத்தூரில் கல்லூரியில் படிக்கிறான், அவன் போனிலும் அது வருகிறது. உங்கள் பக்கத்தில் ஒரு முகம் வருவதென்றால், அந்த முகத்துக்கு உரியவர் சம்மதித்திருக்க வேண்டும். பிள்ளைகளாக இருந்தால் பெற்றோர் சம்மதித்திருக்க வேண்டும். ஊர்த் திருவிழாவாக இருந்தால் ஊர்க் கவுண்டரிடம் முன்கூட்டியே கேட்டிருக்க வேண்டும். விளம்பரம் தருகிறவர்களுக்கும் இதையே விதியாக வையுங்கள்.

காட்டுக்குள் இருக்கும் பெயர் தெரியாத ஓடைகளுக்கும் சிற்றருவிகளுக்கும் கூகுள் மேப்பில் குறி போட்டு வெளியிடாதீர்கள். காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவது குற்றம். உங்கள் பக்கத்தைப் பார்த்துப் போனவர் மாட்டிக்கொண்டால் அது உங்கள் தலையிலும் விழும். குறி போட்ட இடத்துக்கு ஒரே மாதத்தில் பீர் பாட்டில்கள் வந்து சேர்ந்துவிடுகின்றன. பாறையில் அடித்து உடைத்துவிட்டுப் போகிறார்கள். மழை வந்ததும் அந்தச் சில்லுகள் ஓடையோடு உருண்டு சாமை வயலில் வந்து இறங்குகின்றன. மாட்டின் குளம்பிடையிலும், வெறுங்காலோடு களை எடுக்கும் பெண்களின் பாதத்திலும் ஏறுகின்றன. ஒருமுறை உழவுமாட்டின் காலைத் தூக்கிப் பிடித்துச் சில்லை எடுத்தபோது, விரல் நீளத்துக்குப் பச்சைக் கண்ணாடி வந்தது. 2019ஆம் ஆண்டு தொடக்கத்திலிருந்து பிளாஸ்டிக் பைகளுக்கும் தட்டுகளுக்கும் தடை இருந்தும் அவையும் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

எங்களுக்கும் வருமானம் வேண்டும். அறை இல்லாதவர்களுக்கும் வருமானம் வரும்படி நீங்கள் செய்யலாம். ஆவணி, புரட்டாசியில் சீதாப்பழம், மழைக்காலம் முடியும் தறுவாயில் புதுச் சாமை, மாசி பங்குனியில் புளி, கோடையில் பலா, காலத்துக்கு ஏற்பத் தேனும் கடுக்காயும் என்று ஆண்டு முழுவதும் மலையில் ஏதாவது ஒன்று இருக்கிறது. எந்த மாதத்தில் எது கிடைக்கும், எந்த ஊரில் மகளிர் குழுவிடம் நேரடியாக வாங்கலாம், அந்த வாரம் என்ன விலை என்பதைச் செய்தியாகவே போடுங்கள். இப்போது ஆலங்காயம், திருப்பத்தூர் சந்தைகளில் வியாபாரி சொல்வதுதான் விலை. வெளியூர்க்காரர் ஒருவர் வீட்டு வாசலில் ஐந்து கிலோ சாமை அரிசி வாங்கிப் போனால், அவரும் சுற்றுலாப் பயணிதான். அவர் எங்கள் வீட்டைப் படம் பிடிக்கவில்லை, எங்களோடு கணக்குப் பேசிவிட்டுப் போகிறார்.


பதில் 4: காவலூர்ப் பக்கம்

ஒரே ஒரு செய்தி சேர்க்கிறேன். காவலூர் வைணு பாப்பு வானாய்வகத்தில் இருக்கும் 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986ஆம் ஆண்டு நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அதற்கும் முன்பே, 1977ஆம் ஆண்டு, யுரேனஸ் கோளுக்கு வளையங்கள் உண்டு என்று கண்டறியப்பட்டதில் இந்த ஊருக்குப் பங்கு இருக்கிறது. இங்கே வானாய்வகத்தை அமைத்ததற்கு இந்த மலையின் இருட்டு ஒரு முக்கியமான காரணம். இப்போது ‘நட்சத்திரம் பார்க்க வாருங்கள்’ என்று அழைக்கும் கூடார முகாம்களே, மைதானத்தைச் சுற்றி ஃபோகஸ் விளக்குகளை வானத்தை நோக்கித் திருப்பி வைத்துப் பாட்டுப் போடுகின்றன. அப்படி விளக்கு போட்ட இடங்களின் இரவுக் காணொளிகளை அழகு என்று நீங்கள் வெளியிட வேண்டாம். விளக்குக்கு மூடி போட்டுத் தரையைப் பார்க்க வைக்க அதிகச் செலவு ஆகாது என்பதை விளம்பரம் தருகிறவர்களிடம் எடுத்துச் சொல்லுங்கள். வானாய்வகத்தில் பொதுமக்களை அனுமதிக்கும் நாளையும் நேரத்தையும், அவர்கள் அறிவித்தபடி, வாரந்தோறும் போட்டாலே பல குடும்பங்கள் வீணாக வாசல் வரை வந்து திரும்புவது நிற்கும்.


பதில் 5: பழைய ஏரியா நிருபர், வேலூர்

ஆசிரியை அம்மா சொன்ன வரைபடக் குறி விஷயத்தில் மட்டும் எனக்கு ஒரு மாற்றுக் கருத்து உண்டு. நாம் போடாவிட்டாலும் வேறு யாராவது தவறான இடத்தில் குறி போட்டுவிடுகிறார்கள். அதை நம்பி வண்டியைக் காட்டுப் பாதையில் விட்டு இரவில் மாட்டிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். ஜலகாம்பாறை, பீமன் அருவி, அமிர்தி, புங்கனூர் ஏரி என்று எல்லோரும் அறிந்த, அனுமதி உள்ள இடங்களுக்குச் சரியான குறியும், வண்டி நிறுத்துமிடமும், திரும்பிவிட வேண்டிய நேரமும் போடுவது அவசியம். ‘இது காப்புக்காடு, அனுமதியில்லை’ என்று தவறான குறிகளுக்குத் திருத்தம் அனுப்புவதும் செய்தியாளரின் வேலைதான்.


பதில் 6: ஆலங்காயம் வாசகர்

நேரம் ஒதுக்கி எழுதிய அனைவருக்கும் நன்றி. நண்பர்களோடு கூடிப் பேசி முடிவெடுத்துவிட்டோம்.

நிபந்தனையோடு வரும் தொகையை வாங்கப் போவதில்லை. விளம்பரம் தனியாக, விளம்பரம் என்ற பெயரிலேயே, மாதக் கட்டணத்துக்கு வரும். கட்டணம் எவ்வளவு என்பதையும் பக்கத்தில் வெளிப்படையாகப் போடுவோம். செய்தியில் இடமும் நேரமும் இருக்கும்; பாதை திறந்தால் தலைப்பு திருத்தப்படும்; எல்லாப் படங்களிலும் எடுத்த மாதம் எழுதப்படும். சம்மதம் இல்லாத முகமோ, காப்புக்காட்டுக்குள் இருக்கும் இடத்தின் குறியோ, வானத்தை நோக்கிய விளக்கோ விளம்பரத்தில் இருந்தால் அதைத் திருப்பி அனுப்புவோம். புதூர்நாடு அம்மா சொன்ன விளைபொருள் விலையை வாரச் சந்தைக்கு முதல் நாள் மாலையில் வெளியிட எண்ணுகிறோம். அதற்கு மகளிர் குழுக்களிடமிருந்து விலை வாங்கித் தர அவர்களே உதவினால் நல்லது. வேலூரிலிருந்து அமிர்தி வழியாக மேலே வரும் பாதையைப் பற்றிச் செய்தி தர எங்களுக்கு இன்னும் ஆள் இல்லை. அந்தப் பக்கத்து அன்பர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள்.


பதில் 7: அத்தனாவூர் ஹோம்ஸ்டே

எங்கள் பக்கத்தில் நான்கு பேர் இந்த ஏற்பாட்டுக்குச் சம்மதித்துவிட்டார்கள். ஒருவர் இன்னும் யோசிக்கிறார். மழைக்காலத்தில் காலை ஆறு மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும் மலைப்பாதையின் நிலையை, வளைவின் பெயரோடு, நானே குழுவில் எழுதிவிடுகிறேன். அமிர்திப் பாதைக்கு, கணியம்பாடியிலிருந்து காய்கறி ஏற்றிவரும் வண்டி ஓட்டுநர் ஒருவரை எனக்குத் தெரியும்; கேட்டுவிட்டு அவர் எண்ணைத் தனிச் செய்தியில் அனுப்புகிறேன்.